எஸ்-க்குப் பின்னால்

ஜெசிந்தா டீச்சர் பென்சிலில் எழுதித் தந்தது
எட்டாம் வகுப்புக்கு இருபது வாக்கியம்.
அடித்து, மதியத்துக்குள் நூற்று முப்பது காப்பி.
உசிலம்பட்டி பத்திர ஆபீசுக்கு எதிர்க்கடை.
ஃபேனுக்கு ஒரே வேகம்தான்,
தாள் பறக்காமல் மேலே ஸ்டாப்ளர்.

பாய்ஸ் சைக்கிள்கள் மரத்தடியில் நிற்கின்றன.
டீச்சர்ஸ் ரூம் பூட்டியிருக்கிறது, ஆனால் சாவி உள்ளே.
ஒவ்வொன்றிலும் எஸ் எழுத்தின் தலைமாட்டில்
ஒரு கொசு உட்கார வேண்டும்.
முன்னால் உட்கார்ந்தால் ஒரே பையன்,
பின்னால் உட்கார்ந்தால் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும்.
வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான்.
காதுக்குத் தெரியாத பாகப்பிரிவினை,
கண்ணுக்கு மட்டும் பட்டா.

பதினோராவதில் நிற்கிறேன்,
எழுத்தர் மொக்கராசு வந்துவிட்டார்.
"அதத் தள்ளி வையி தாயி, டோக்கன் போட்டாச்சு."
பின்னால் அக்கா தங்கச்சி மூன்று பேர்,
ஒச்சம்மா, பவுன்தாய், இருளாயி.
அவர்களுக்கும் பின்னால், செருப்போடு,
உடன்பிறந்தான் காசிமாயன்.

விடுதலைப் பத்திரம்.
பெயரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது,
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறேன்.

மேற்படி நஞ்சை எழுபத்திரண்டு சென்டும்
அதிலுள்ள கிணறும் மோட்டாரும்
தென்னை பதினொன்றும் வேம்பு ஒன்றும்
வண்டிப்பாதை பாத்தியமும்

இங்கிலீஷ் அண்ட் சந்தைத் தரகன்,
நடுவில் நின்றுகொண்டு
இரண்டு பேர் விரலையும் துண்டுக்குள் பிடித்திருப்பான்.
நம்முடைய ‘உம்’ பந்தி இலை,
ஆளுக்கொன்று.
ஒருவருக்கு விட்டுப்போனால்
வாக்கியம் கை கழுவாமல் எழுந்துவிடும்.
வேம்புக்குக்கூட உண்டு.
அக்கா தங்கச்சியிடம் வரும்போதுதான்
பத்திரத் தமிழுக்கு அது மறந்துபோகும்.
ஒச்சம்மா, பவுன்தாய், இருளாயி ஆகிய நாங்கள்:
ஒரே ‘ஆகிய’, கீரைக்கட்டு நார் மாதிரி,
மூவரையும் சேர்த்துக் கட்டி
வேலிக்கு வெளியே வைக்கிறது.

ஏன் என்று வரும் இடத்தில்
விரல் யோசிக்காமல் அடிக்கும் ஒரு வரி உண்டு.
சகோதர வாஞ்சையினால்.

பவுன்தாய் கம்ப்யூட்டர் பக்கமே பார்க்கவில்லை.
ஸ்டாப்ளருக்கு அடியில் துடித்த டீச்சர் தாளை இழுத்தாள்.
ஆறோ ஏழோ படித்திருக்க வேண்டும்.
"சிஸ்... டர்ஸ்."
இதுல என்னா போட்டிருக்கு?
சிஸ்டர்ஸ் வீடு பழையது, ஆனால் விற்க மாட்டார்கள்.
"எத்தன சிஸ்டரு?"
கொசுவ எங்கிட்டு வைக்கிறமோ அதப் பொறுத்துக்கா.
"மாட்டார்கள்னுதான இருக்கு. ஒருத்தி இல்லையே."
மரியாதைக்கும் அப்படிச் சொல்லலாம்ல.
"ஒருத்திக்கு அம்புட்டு மரியாத
யாரு குடுக்குறா?"

இருளாயி மட்டும் சிரித்தாள், முந்தானைக்குள்.

பவுன்தாய் எழுத்தரிடம் திரும்பினாள்.
"கடைசியில ஒரு ‘ஆனால்’ போடுங்கண்ணே.
ஆனால் கிணத்துத் தண்ணி எங்களுக்கும்."
"விடுதலப் பத்திரத்துல ஆனால் வராது தாயி."
"அப்ப வேறென்ன வரும்?"
மொக்கராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
காசிமாயன் செல்போனில் மணி பார்த்தான்,
தேனி பஸ்ஸுக்கு நேரமாகிறதாம்.

எதிரே நாற்பத்தேழு என்று கூப்பிட்டார்கள்.
இரண்டு பேர் எழுந்தார்கள்.
பவுன்தாய் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப்
படியிறங்கினாள்.
சந்தைக் கூட்டத்தில் அவள் சேலை நிறம்
கொஞ்ச தூரம் தெரிந்தது.
கர்சர் ‘ஆகிய’வுக்குப் பக்கத்தில்
மினுக்கிக்கொண்டே கிடந்தது.

நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.
நான் டீச்சர் வேலையை எடுத்தேன்.
பதினொன்றில் கொசுவைப் பின்னால் வைத்தேன்.
வினாத்தாள்தான் அது, விடையை நானே போட்டிருக்கக் கூடாது.

நூற்று முப்பது காப்பியும் சூடாக விழுகின்றன.
கண்ணாடியில் ஒரு கறை, ஸ்பிரிட் போட்டாலும் போகாது,
எல்லாத் தாளிலும் எங்கேயோ ஒரு கரும்புள்ளி வைக்கும்.
எந்தச் சொல்லுக்குப் பின்னால் என்று
இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.